எதிர்த் தெருவுக்கு ஒரு மறைப்பணிப் பயணம்

கோடை விடுமுறை தொடங்கியதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பல பங்குகளிலிருந்து இளையோர் குழுக்கள் வெளிநாடுகளுக்குப் புறப்படுகின்றன. ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவது, பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் பூசுவது, சிறுவர் முகாம் நடத்துவது போன்ற பணிகளைச் செய்துவிட்டு ஊர் திரும்புகின்றன. இதனை மறைப்பணிப் பயணம் என்று அழைக்கிறார்கள். செலவுக்கான பணத்தைப் பங்கு மக்களே திரட்டித் தருகிறார்கள். புறப்படும் நாளில் திருப்பலியில் சிறப்பு ஆசீரும் உண்டு.

இக்குழுவினர் எல்லாரும் ஒரே நிறத்தில், பங்கின் பெயர் அச்சிட்ட பனியன் அணிந்து செல்வது வழக்கம். திருப்பூரில் வாழும் நமக்கு அந்தப் பனியன் புதியதன்று. கழுத்தின் உட்புறம் உள்ள லேபிளில் இந்தியா என்றோ பங்களாதேஷ் என்றோ எழுதியிருக்கக்கூடும். இந்தியா என்றிருந்தால், அது நம் ஊரில் ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரு பெண் தைத்து, செக்கிங் மேசையில் மற்றொரு பெண் பார்த்து, பெட்டியில் அடுக்கப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போனதாக இருக்கலாம். ஏழைக்கு உதவக் கடல் கடந்து செல்கிறவர், தம் உடலில் உடுத்தியிருப்பதைத் தைத்த ஏழையைப் பற்றி ஒன்றும் அறியாமலே போய்வர இயலும்.

இது வெளிநாட்டவரை நோக்கி மட்டும் எழுப்ப வேண்டிய கேள்வி அன்று. மறைபரப்பு ஞாயிறன்று தொலைதூர மறைத்தளங்களுக்காக நாம் காணிக்கை கொடுக்கிறோம். ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ சென்று சில நாள்கள் பணியாற்றிவர வேண்டும் என்ற ஆவல் நம் இளையோர் சிலரிடமும் இருக்கிறது. அந்த ஆவல் நல்லது. ஆனால் அதே ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் ஆலயத்தின் எதிர்த் தெரு லைன் வீடுகளில் வாழ்கின்றன. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியுமா? இன்றைய சூழலில் மறைப்பணிப் பயணம் என்பதன் பொருளை இந்தக் கேள்வியிலிருந்து சிந்திப்பது நலம்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மறைப்பணிப் பயணங்கள் பற்றிய விவாதம் திருச்சபைக்குள் பழையது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவில் கோடைக்காலப் பணிக்குச் செல்லவிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டம் ஒன்று சிகாகோ பகுதியில் நடைபெற்றது. அதில் உரையாற்ற அழைக்கப்பட்டவர் அருள்பணி இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்து, மெக்சிகோவின் குவர்னவாகா நகரில் ஆய்வு மையம் நடத்தி, இலத்தீன் அமெரிக்காவுக்கு வரும் பணியாளர்களுக்கு மொழியும் பண்பாடும் கற்பித்தவர் அவர். வாழ்த்துரையை எதிர்பார்த்திருந்த மாணவர்களிடம் அவர் கடுமையாகவே பேசினார். அந்நாட்டு மக்களின் மொழி தெரியாமல், அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூட இயலாமல், உதவுகிறோம் என்று போய் நிற்பது அவர்கள்மீது நம்மைத் திணிப்பதாகும் என்றார். பார்ப்பதற்கு வாருங்கள், கற்பதற்கு வாருங்கள், உதவுவதற்கென்று வராதீர்கள் என்பதே அவருடைய உரையின் சாரம்.

அவருடைய கூற்றை முழுமையாக ஏற்க வேண்டும் என்பதில்லை. நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் வெளியூர்க் கைகள் உயிர்களைக் காத்திருக்கின்றன. மருத்துவர்களும் செவிலியரும் குறுகிய காலத்திலும் பெரும் நன்மை செய்ய முடியும். ஆயினும் அவர் எச்சரித்த ஆபத்து கற்பனையானதன்று என்பதைப் பின்வந்த அனுபவங்கள் காட்டின. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்நாட்டு அரசு யுனிசெஃப் துணையுடன் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வில்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். அன்பு காட்ட வந்த வெளிநாட்டவரின் வருகையும் நன்கொடையும், வறுமையில் இருந்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து இல்லங்களை நிரப்பும் ஒரு வணிகத்திற்கு உரமாகிவிட்டன. 2018ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, இவ்வாறு பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்த எந்த இளைஞருக்கும் தீய எண்ணம் இருந்திருக்காது. அந்தப் பிள்ளை ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் அவரிடம் மொழியும் இல்லை, நேரமும் இல்லை.

பணப்பை வேண்டாம் என்றார் இயேசு

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை ஒரே அமர்வில் வாசித்துப் பார்க்கும்படி இறைமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். திருவழிபாட்டில் அதன் பகுதிகளை வெவ்வேறு ஞாயிறுகளில் கேட்பதால், அவற்றை இணைக்கும் இழை நம் கண்ணில் படுவதில்லை.

முதற்பகுதியில் இயேசு எழுபத்திரண்டு சீடர்களை இருவர் இருவராக அனுப்புகிறார். அதுவே நாம் அறிந்த முதல் மறைப்பணிப் பயணங்களுள் ஒன்று. அங்கே அவர் தரும் ஆணை வியப்பானது. பணப்பையும் வேண்டாம், பையும் வேண்டாம், மிதியடியும் வேண்டாம். எந்த வீட்டில் ஏற்றுக்கொள்ளப்படுகிறார்களோ அங்கேயே தங்க வேண்டும், அவர்கள் கொடுப்பதை உண்ண வேண்டும், வீடு வீடாக மாறிக்கொண்டிருக்கக் கூடாது. அதாவது, அனுப்பப்படுகிறவர் கொடுப்பவராகப் போகவில்லை, விருந்தினராகப் போகிறார். உணவுக்கும் உறைவிடத்துக்கும் அந்த ஏழை வீட்டாரையே நம்பியிருக்கிறார். நோயாளரைக் குணமாக்குவதும் இறையாட்சியை அறிவிப்பதும் அந்த வீட்டில் அமர்ந்து உண்ட பிறகே வருகின்றன. பெட்டி நிறையப் பரிசுப் பொருள்களோடு போய் இறங்குவது இதற்கு நேர் எதிரான முறை. கை நிறைந்திருப்பவர் பெற்றுக்கொள்ள முடியாது.

இரண்டாம் பகுதியில் நல்ல சமாரியர் வருகிறார். அவர் உதவி செய்யவென்று பயணம் புறப்பட்டவர் அல்லர். தம் வேலையாக எரிகோ சாலையில் போய்க்கொண்டிருந்தவர். அடிபட்டுக் கிடந்தவர் அவர் நாள்தோறும் செல்லக்கூடிய வழியில்தான் கிடந்தார். இரண்டு தெனாரியத்தைச் சாவடிக்காரரிடம் கொடுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. திரும்பி வருவேன், மேற்கொண்டு ஆகும் செலவைத் தருவேன் என்றும் சொன்னார். ஒருமுறை செய்துவிட்டு மறந்துபோகும் உதவியாக அது இருக்கவில்லை.

மூன்றாம் பகுதியில் மார்த்தாவும் மரியாவும். பல பணிகளில் பரபரப்பாயிருந்த மார்த்தாவின் அன்பை இயேசு மறுக்கவில்லை. ஆனால் முதலில் அமர்ந்து கேட்ட மரியாவே நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டார் என்றார். விருந்தினராகப் போதல், போகும் வழியில் நின்று திரும்பி வருதல், செயலுக்கு முன் செவிமடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகின்றன. மறைப்பணிக்குப் புறப்படும் எந்தக் குழுவுக்கும் இதைவிட நல்ல பயிற்சிக் கையேடு கிடையாது.

தோர்ப்பாவிலிருந்து திருப்பூருக்கு

இந்த அதிகாரத்தை வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர் பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ். 1885ஆம் ஆண்டு அவர் சோட்டாநாக்பூர் பகுதிக்கு, இன்றைய ஜார்க்கண்டின் தோர்ப்பாவுக்குப் பணிக்கு வந்தார். அங்கே முண்டா பழங்குடி மக்கள் தங்கள் மூதாதையர் திருத்திய நிலத்தை ஜமீன்தார்களிடம் இழந்துகொண்டிருந்தார்கள். கூலியில்லா வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வழக்கு என்று போனால் நீதிமன்றத்தின் மொழியும் தெரியாது, சட்டமும் தெரியாது.

லீவன்ஸ் அடிகளார் அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர்களுடைய நில வழக்காறுகளைக் கேட்டு அறிந்தார். பின்பு நிலக்குத்தகைச் சட்டத்தையே படித்து, வழக்குகளில் அவர்களுக்கு வழிகாட்டினார். ஆயிரக்கணக்கில் மக்கள் திருச்சபையை நாடி வந்தார்கள். ஓய்வின்றி உழைத்ததால் காசநோய்க்கு ஆளாகி, 1892இல் நாடு திரும்பி, 1893இல் தம் 37ஆம் வயதில் இறந்தார். அவருக்குப் பின் அப்பகுதியில் பணியாற்றிய ஜெர்மானிய இயேசு சபைக் குரு யோவான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், பழங்குடியினரின் நில உரிமையைப் பாதுகாக்கும் 1908ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகத் துணைநின்றார்; மறு ஆண்டே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் தொடங்கினார். கந்துவட்டியிலிருந்து மக்களை மீட்பதும் நற்செய்திப் பணியே என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

லீவன்ஸ் அடிகளார் அப்பகுதியில் இருந்தது ஏழு ஆண்டுகள் மட்டுமே. ஆனால் அம்மண்ணிலிருந்து பின்னாளில் ஆயர்களும், பழங்குடியினரிலிருந்து இந்தியாவின் முதல் கர்தினாலாக 2003இல் உயர்த்தப்பட்ட தெலஸ்போர் டோப்போ அவர்களும் வந்தார்கள். அதே குந்தி, கும்லா, சிம்டேகா மாவட்டங்களிலிருந்து இளைஞரும் இளம் பெண்களும் வேலை தேடித் தென்னாட்டுக்கு வருகிறார்கள். கழுத்தில் செபமாலையோடு வரும் இவர்களுள் பலர் மூன்று நான்கு தலைமுறைக் கத்தோலிக்கர். 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டிலும் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள்மீது நடந்த வன்முறையில் வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் தென் மாநிலங்களில் பிழைப்புத் தேடினார்கள். அவ்வன்முறையில் உயிர்நீத்த காந்தேஸ்வர் திகால் மற்றும் 34 பேருக்கான புனிதர் பட்டப் பணிகளைத் தொடங்க 2023 அக்டோபரில் வத்திக்கான் இசைவளித்தது. நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் தமிழ்ப் பாடல் புரியாமல் நிற்கும் இளைஞர், மறைச்சாட்சிகளின் மண்ணிலிருந்து வந்தவராக இருக்கலாம். அவருக்கு நாம் விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டியவர்களா, அவரிடமிருந்து கற்க வேண்டியவர்களா?

நம் எதிர்த் தெரு

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாயை எட்டியது. அந்தத் தொகையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த இலட்சக்கணக்கானோரின் உழைப்பும் கலந்திருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு ஒருநாள்தான் துவைக்க, சமைக்க, ஊருக்குப் பேச, பணம் அனுப்ப. அந்த ஞாயிறிலும் அவசர ஆர்டர் இருந்தால் வேலை உண்டு. பத்துக்குப் பத்து அறையில் நான்கைந்து பேர். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய்.

இம்மக்கள் நம் கவனத்துக்கு வருவது பெரும்பாலும் அவர்கள் கிளம்பிப் போகும்போதுதான். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே முதல் நாள் தொடங்கும்வரை, வேலையும் இன்றிப் போகவும் வழியின்றி அவர்கள் காத்திருந்தார்கள். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. வேறு இடங்களில் நடந்த நிகழ்வுகளை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். அச்சத்தில் பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசின் குழு திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்தது. காவல்துறை உதவி எண்களை அறிவித்தது, அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று நம்பிக்கையூட்டினார்கள். 2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள்மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடானபோது, ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்நாட்டுக்கு அனுப்பிவந்த நம் ஊரில் ஆர்டர்கள் நின்றன, ஷிப்டுகள் குறைந்தன. தினக்கூலிக்கும் பீஸ்ரேட்டுக்கும் வேலை செய்கிறவர்களே அந்தச் சுமையை முதலில் தாங்கினார்கள்.

2023ஆம் ஆண்டுப் பொய்ச்செய்தி நமக்கு ஒரு பாடம் தருகிறது. ஒரு காணொளியைப் பார்த்து இவ்வளவு எளிதில் ஏன் நம்பினார்கள்? இது பொய், நான் இங்கேதான் இருக்கிறேன், ஒன்றும் நடக்காது என்று அவர்களுடைய மொழியில் சொல்ல, அவர்கள் நம்பும் ஒரு தமிழ் நண்பர் அருகில் இருந்திருந்தால் அந்த இரவு வேறுவிதமாக இருந்திருக்கும். அரசு அதிகாரி வந்து தரும் உறுதியும் தேவைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தரும் உறுதிக்கு அது ஈடாகாது. அந்த நட்பு நெருக்கடி வந்த பிறகு ஒரே நாளில் உருவாவதில்லை.

நாமும் பெரும்பாலும் வந்தேறியவர்களே. திருப்பூர்ப் பங்குகளின் குடும்பப் பதிவேடுகளைப் புரட்டினால் திண்டுக்கல், மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி என்று ஊர்ப் பெயர்கள் வரும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து, கைமடிக்கும் வேலையில் தொடங்கி, தையல் பழகி, பின்பு நான்கு மெஷின் போட்டவர்கள் நம்மிடையே உண்டு. எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாமல் அந்நியருக்கு அன்புகாட்டும்படி இஸ்ரயேல் மக்களுக்கு இறைவன் மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். அந்த நினைவு நமக்கு ஏட்டில் படித்ததன்று. நம் பெற்றோர் சொல்லக் கேட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

சோற்றுப் பொட்டலமும் போர்வையும் கொடுப்பது நமக்குப் பழக்கமான வழி. நெருக்கடியில் அதுவும் வேண்டும். ஆனால் பனியன் கம்பெனியில் உழைத்துச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு நம் பழைய சேலை தேவையில்லை. லீவன்ஸ் அடிகளார் காட்டிய வழி மொழியும் சட்டமும். அவற்றிலிருந்து நாமும் தொடங்கலாம்.

முதலாவது மொழி. பெயர், ஊர், பிள்ளைகள், உடல்நலம் பற்றி விசாரிக்க ஐம்பது இந்திச் சொற்கள் போதும். சாத்ரி, ஒடியா, சந்தாலி பேசுகிறவர்களிடம் அம்மொழியின் வணக்கத்தையாவது கற்றுக்கொள்ளலாம். தமிழகத்தின் தொழில் நகரங்களில் சில பங்குகளில் இந்தித் திருப்பலி நடைபெறுகிறது. அது முடியாத இடத்தில் ஒரு வாசகமோ ஒரு பாடலோ அவர்களுடைய மொழியில் இடம்பெறச் செய்யலாம். அதை வாசிப்பவர் அவர்களுள் ஒருவராகவே இருக்கட்டும். லைன் வீடுகளில் அவர்களே கூடும் ஓர் அன்பியம் உருவானால், அதற்கு நாம் விருந்தினராகப் போகலாம். அவர்கள் தரும் தேநீரை அருந்திவிட்டு வருவதும் லூக்கா நற்செய்தியின்படி மறைப்பணியே.

இரண்டாவது சட்டமும் ஆவணமும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுகிறவருக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. ஊரிலிருக்கும் அட்டையைக் கொண்டு இங்குள்ள நியாயவிலைக் கடையில் தானியம் பெற முடியும். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றில் சேர்க்கப்பட்டுவிட்டது. முன்பு ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவரை மட்டும் கருதிய சட்டம், இப்போது தாமாக வந்து வேலையில் சேர்பவரையும் ஊதிய வரம்புக்கு உட்பட்டு உள்ளடக்குகிறது. சொந்த ஊர் சென்றுவர ஆண்டுக்கொருமுறை பயணப்படி தரவும் அதில் வழி உண்டு. இவற்றை அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்? நம் பங்குகளில் வழக்கறிஞர் இருக்கிறார்கள், கணக்காளர் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அரசு அலுவலர் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மறைக்கல்வி அறையில் ஒரு மேசை போட்டு அமர்ந்தால், விண்ணப்பம் நிரப்ப, எண்ணைச் சரிபார்க்க, மனு எழுத உதவலாம். வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் தன்னார்வலருக்கு இதைவிடப் பெரிய பணி கிடைக்குமா?

மூன்றாவது பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போனபின் அறையில் தனியே விடப்படும் குழந்தைகள், தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்குப் போகாத சிறுமிகள் நம் தெருக்களில் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் அவர்களுக்கும் உரியதே. தமிழ் பேசக் கற்றுக்கொடுத்து அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பதும், மாலையில் வீட்டுப்பாடம் சொல்லித் தருவதும் நம் இளையோர் இயக்கத்தால் முடியும். ஆனால் இது ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய பணி. ஒரு வாரம் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிறுத்துவதற்கில்லை.

நான்காவது நம் சொந்தக் கணக்கு. பங்கு மக்களுள் லைன் வீட்டு உரிமையாளர், ஒப்பந்தக்காரர், சூப்பர்வைசர், மளிகைக் கடைக்காரர் இருக்கிறார்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதில், மின்சாரக் கட்டணத்தில், கூலிக் கணக்கில், பெண்களிடம் பேசும் பேச்சில் நேர்மை இல்லாவிட்டால், ஞாயிறு மாலை மேசை போட்டு உட்காருவதில் பொருளில்லை. கொடாமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுவதாகத் தூய யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அது அக்காலத்து வயல் வேலைக்காரரின் கூலியைப் பற்றியது. பீஸ்ரேட்டுக்கும் பொருந்தும்.

தொலைவுக்கும் போகலாம்

அப்படியானால் தொலைதூரப் பயணமே வேண்டாமா? வேண்டும். ஆனால் விருந்தினராகப் போக வேண்டும். எதிர்த் தெரு நண்பர் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போகும்போது, அவர் அழைத்தால் நம் இளைஞர் இருவர் அவரோடு போய்வரலாம். முன்பதிவில்லாப் பெட்டியின் நெரிசலையும் அவரோடு பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்தளிக்கப் பொருள்களைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் தரும் சோற்றை உண்டு, வயலைப் பார்த்து, இவ்வளவு அழகான ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டு, பதிலைப் பொறுமையோடு கேட்டுவிட்டு வந்தால் போதும். திரும்பி வந்தபின் அந்த நண்பரை இந்திக்காரன் என்று அழைக்க நாக்கு வராது.

வெளிநாட்டு நண்பர்களிடமும் நாம் இதையே சொல்லலாம். நம் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டங்களின் இளம் பெண்கள் அடைந்த துன்பத்தை, நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, நெதர்லாந்து இந்தியக் குழு ஆகிய அமைப்புகள் 2011ஆம் ஆண்டு மே மாதம் அறிக்கையாக வெளியிட்டன. அவை இங்கே சுவருக்கு வண்ணம் பூச வரவில்லை. இங்குள்ளவர்கள் சொன்னதைக் கேட்டு, தங்கள் நாட்டுக் கடைகளில் துணி விற்கும் பெரிய நிறுவனங்களிடம் கேள்வி கேட்டன. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தபோது, அவர்களுக்கு மாதச் சம்பளம் 38 யூரோ என்று அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ், மே முதல் நாள் திருப்பலியில் அதனை அடிமைத் தொழில் என்றே குறிப்பிட்டார். ஒரு பனியனுக்கு நியாயமான விலை கொடுக்க ஆயத்தமாயிருக்கும் பங்கு, அந்தப் பனியனை அணிந்துகொண்டு வந்து நமக்கு வீடு கட்டித் தரும் பங்கைவிட அதிகமாக நமக்கு உதவுகிறது. நியாயமான கூலி கிடைத்தால் தொழிலாளர் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்வார்.

2025 யூபிலி ஆண்டில் மறைப்பணியாளருக்கான யூபிலியும் புலம்பெயர்ந்தோருக்கான யூபிலியும் அக்டோபர் 4, 5 ஆகிய ஒரே நாள்களில் உரோமையில் கொண்டாடப்பட்டன. மறையுரை ஆற்றிய திருத்தந்தை பதினான்காம் லியோ, நெடுங்காலமாக மறைப்பணி என்றால் தொலைநாடுகளுக்குப் புறப்படுவது என்று எண்ணினோம், இன்றோ வறுமையும் துயரமும் எதிர்நோக்கும் நம்மிடமே வந்திருக்கின்றன என்ற கருத்தை எடுத்துரைத்தார். வந்தவரை வரவேற்று அவரோடு நிற்பதே மறைப்பணி என்பதும் அவர் தந்த அழைப்பு. அதே அக்டோபர் 9ஆம் நாள் வெளியான திலெக்ஸி தே அறிவுரை மடலிலும், ஏழைகள்மீதான அன்பின் ஒரு பகுதியாகப் புலம்பெயர்ந்தோருக்கான பணியை அவர் எடுத்துக்காட்டினார்.

அன்பு இறைமக்களே, வரும் மறைபரப்பு ஞாயிறன்று வழக்கம்போல் காணிக்கை கொடுப்போம். அதற்கு முன் ஒரு சிறு தயாரிப்பு செய்வோம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் வாழும் வெளிமாநிலக் குடும்பங்களைச் சந்திக்கட்டும். கையில் எதையும் கொண்டுபோக வேண்டாம். பெயரைக் கேட்போம், ஊரைக் கேட்போம், ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி அருந்துவோம். அடுத்த வாரமும் போவோம். அவர்கள் என்ன மதத்தவர் என்பது இதில் கேள்வியே அன்று. அந்தச் சந்திப்பில் கேட்டறிந்த பெயர்களை மறைபரப்பு ஞாயிறுத் திருப்பலியின் மன்றாட்டில் அவர்களுடைய இசைவோடு வாசிப்போம். அவர்களையும் பீடத்தருகே அழைப்போம். அங்கிருந்து செய்ய வேண்டியது என்ன என்பதை அவர்களே நமக்குச் சொல்வார்கள்.